லண்டன் போற பேரனுக்குக் கோவில்பட்டி குமாஸ்தா

ஏலே, இப்படி வந்து திண்ணையில உக்காரு. பெட்டி கட்டுறதை ஒங்க அம்மா பாத்துக்கிடுவா. எலுமிச்சங்காய் ஊறுகாயை எந்தத் துணிக்குள்ள சுத்துனா எண்ணெய் கசியாதுன்னு அவளுக்குத் தெரியும். பெங்களூர்ல அஞ்சு வருஷம் சட்டம் படிச்ச ஒனக்கு அது தெரியாது.

காலையில டீக்கடையில ஒருத்தன் கேட்டான். "ஒங்க பேரன் லண்டன்ல வக்கீலாமே, எந்தக் கோர்ட்டு?" நான் முழிச்சேன். நீதான் கோர்ட்டு வாசலையே மிதிக்கப் போறதில்லையே! ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குற பத்திரத்துக்குக் கமா, புள்ளி பாக்கப் போறே. "பெரிய பத்திர எழுத்தர் வேலை"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காதே. அவனுக்கும் புரிஞ்சுது, எனக்கும் பொய் சொன்ன பாவம் இல்ல.

நாப்பத்தோரு வருஷம் முன்சீப் கோர்ட்டு வராண்டாவுல கேஸ் கட்டு தூக்குனவன் நான். வக்கீலுக்குப் படிக்கல. ஆனா வக்கீல்களைப் படிச்சிருக்கேன். ஒன் ஆபீஸ்காரன் குடுத்த காகிதத்தையும் நீ போனை நோண்டிக்கிட்டு இருந்த நேரத்துல புரட்டிப் பாத்தேன். வழவழன்னு தாளு. பக்கத்துக்குப் பக்கம் கருப்பு, வெள்ளை, மஞ்சள்னு எல்லா நிறத்து ஆளும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். இத்தனை நாடு, இத்தனை பாஷை, நாங்க உலகக் குடும்பம்னு எழுதியிருக்கு. நல்லது. குடும்பம்னா அதுல மருமகனும் உண்டு, வீட்டோட மாப்பிள்ளையும் உண்டு. நீ எது?

ஒண்ணு யோசிச்சுப் பாரு. வைத்தியம் படிச்சவன் எந்த ஊருக்குப் போனாலும் ஈரல் வலது பக்கந்தான் இருக்கும். சட்டம் அப்படியா? செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனாலே நிலச் சட்டம் வேற. அப்படிச் சொந்த மண்ணை விட்டு நகராத சரக்கை இவன் எப்படி உலகம் பூரா விக்கான்? கடன் வாங்குறவன் ஜகார்த்தாவுல இருப்பான், குடுக்கிறவன் டோக்கியோவுல இருப்பான், பத்திரம் மட்டும் இங்கிலாந்துச் சட்டப்படின்னு ஒரு வரி எழுதியிருக்கும். இல்லேன்னா நியூயார்க் சட்டப்படி. அந்த ஒரு வரியிலதான்டா ஒன் சம்பளம் ஒளிஞ்சிருக்கு. ஆளை எடுக்கிறது உலகம் பூரா. சொல்லிக் குடுக்கிறது ரெண்டு ஊருச் சட்டம்.

ஆளை எப்படி எடுக்கான்னு பாத்தா இன்னும் வேடிக்கை. ஜெர்மனிக்காரன் ஒருத்தன் ஒன் கூடச் சேரப் போறதாச் சொன்னியே, அவன் மார்க்கைப் பாத்தியா? அந்த நாட்டுல வக்கீலாக ரெண்டு அரசாங்கப் பரீட்சை. நடுவுல ரெண்டு வருஷம் கோர்ட்டு, கச்சேரி, வக்கீல் ஆபீஸ்னு ஊழியம் பாக்கணும். பரீட்சைக்கு மொத்தமே 18 மார்க்கு. அதுல 9 வாங்கிட்டா பெரிய ஆபீஸ்காரன் வாசல்ல வந்து நிப்பான். அந்த 9க்கு அவங்க வச்சிருக்கிற பேரே 'முழுத் திருப்தி'. பதினெட்டுக்கு ஒம்பது வாங்கிட்டு ஒங்க அப்பன் முன்னால நீ நின்னிருந்தா அன்னைக்குச் சோறு கிடைச்சிருக்குமா? நம்ம ஊரு பிள்ளைக 95 வாங்கிட்டு மிச்சம் அஞ்சு எங்கன்னு அழுது. இந்த ரெண்டு காகிதத்தையும் ஒரே மேசையில வச்சு எவன் பெரியவன்னு தேறணும்னா, மார்க்குப் பாத்துப் பிரயோசனம் இல்ல. அதனாலதான் ரெண்டு மூணு வாரம் லீவுல கூப்பிட்டு வச்சு, வேலையைக் குடுத்து, சாயங்காலம் குடிக்கவும் குடுத்து, எப்படி நிக்கான், எப்படிச் சிரிக்கான்னு பாக்கான். நாம மாடு வாங்கப் போனா பல்லை மட்டுமா பாக்கோம்? கொஞ்ச தூரம் நடக்க விட்டுத்தானே பாக்கோம்.

நீ மாடியில இருந்து கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ குடுத்த அன்னைக்கு நான் மாடிப்படிக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். ஒளிஞ்சு கேக்கல. வெத்தலை போட்டுக்கிட்டிருந்தேன், காதுல விழுந்துது. ஒன்னைக் கேள்வி கேட்ட அந்த ஆபீஸ்காரம்மா கேட்டா: ஒன் மேலாளோட நீ கருத்து மாறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லு. நீ என்ன சொன்னே? "அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததே இல்லை மேடம்." எனக்கு வாயில இருந்த பாக்கு தொண்டைக்குப் போயிட்டுது. இந்த ஊருல அந்தப் பதிலுக்கு ஒன் கையில பொண்ணையே குடுப்பான். அந்த ஊருல அந்தப் பதிலுக்குப் பேரு 'பேசத் தெரியாதவன்'. நல்லவேளை, அவளே கேள்வியைத் திருப்பிப் போட்டா, நீயும் காலேஜ் மூட் கோர்ட்டுக் கதை ஒண்ணைச் சொல்லித் தப்பிச்சே.

மாறுபடாம இருந்தேன்னு நானே சொல்லமாட்டேன்டா. ஒரு தடவை எங்க வக்கீலய்யா, முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பு மேல சப் கோர்ட்டுக்கு அப்பீல் போட 90 நாள் இருக்குன்னு கட்சிக்காரன்கிட்ட சொல்லிட்டாரு. 90 நாள் ஹைகோர்ட்டுக்கு. சப் கோர்ட்டுக்கு 30 தான். அதுல 22 நாள் ஏற்கெனவே போயிருந்துது. கட்சிக்காரன் எதுத்தாப்புல உக்காந்திருக்கான். "ஐயா, தப்பு"ன்னு சொல்ல முடியுமா? நான் லிமிடேஷன் சட்டப் புஸ்தகத்தை எடுத்தேன். 116ஆம் பகுதி இருக்கிற பக்கத்தை விரிச்சேன், தீக்குச்சி ஒண்ணை அந்த வரி மேல படுக்க வச்சேன், மேசையில அவர் கைக்குப் பக்கத்துல தள்ளி வச்சுட்டு டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்தா ஐயா கட்சிக்காரனைத் திட்டிக்கிட்டிருக்காரு: "ஏன்யா இத்தனை நாள் கழிச்சு வாரே? எட்டு நாள்தான் இருக்கு!" அப்பீல் ஏழாம் நாள் தாக்கலாச்சு. ஐயா என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்தத் தீபாவளிக்கு மட்டும் ரெண்டு வேட்டி.

இதை லண்டன்ல செஞ்சா என்ன ஆகும் தெரியுமா? ஒன் மேலாளு அந்தத் தீக்குச்சியைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் புஸ்தகத்தை மூடி வச்சுருவான். வருஷக் கடைசியில ஒன் ரிப்போர்ட்டுல 'தன் கருத்தைத் தெளிவா எடுத்துச் சொல்வதில்லை'ன்னு எழுதுவான். அதனால அங்க வாயைத் திறந்து சொல்லு. ஆனா தீக்குச்சியையும் மறந்துராதே. டோக்கியோக்காரன் கூட வேலை வரும். அவன் தலையை ஆட்டி ஆட்டி 'ஹாய், ஹாய்'ம்பான். ஒன் லண்டன்காரன் 'ஒத்துக்கிட்டான்'னு குறிச்சு வச்சுக்கிடுவான். காதுல விழுந்துதுன்னுதான் அவன் சொல்லியிருப்பான். நம்ம 'பாக்கலாம்' இல்லையா? பொண்ணு கேட்டு வந்தவன்கிட்ட 'பாக்கலாம்'னா காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்புன்னு அர்த்தம். அதைப் புரிஞ்சுக்கிட நமக்கு எந்த டிரெய்னிங்கும் வேண்டாம். அந்த அறையில அது ஒனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரனும் ஒண்ணும் உடைச்சுப் பேசுற சாதி இல்ல. ஜெர்மனிக்காரன் "இது தப்பு"ன்னு சொல்லிட்டு மத்தியானம் ஒன் கூடவே சாப்பிட வருவான். இங்கிலீஷ்காரன் "இன்ட்ரஸ்டிங்"பான். நீ மகிழ்ந்து போயிராதே. மறுபடி எழுதுன்னு அர்த்தம். "நாட் பேட்"னா பிரமாதம். "குவைட் குட்"னா சுமார். "வித் ரெஸ்பெக்ட்"னு ஆரம்பிச்சா ஒன் பேச்சுல ஓட்டை இருக்கு. "வித் கிரேட் ரெஸ்பெக்ட்"னா ஓட்டை பெருசு. "வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்"னா பாத்திரமே இல்ல, வெறும் ஓட்டைதான். இது எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காதே. இந்த மரியாதைப் படிக்கட்டைத்தான் நம்ம கோர்ட்டுலயும் விட்டுட்டுப் போயிருக்கான். எங்க ஐயா கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்டுக்குப் போயிட்டாருன்னா நான் கட்டை மடிச்சுருவேன், அன்னைக்குக் கேஸ் தோல்வின்னு.

ஆக, அவன் சுத்தி வளைச்சா அது 'நாசூக்கு'. நீ சுத்தி வளைச்சா அது 'தயக்கம்'. ஒன் ஆபீஸ்காரன் குடுத்த காகிதத்துல நான் கவனிச்ச ஒரே விஷயம் இதுதான்டா. ஒன் பழக்கத்துக்கு அவன் வச்சிருக்கிற பேரு 'கல்ச்சர்'. அவன் பழக்கத்துக்கு அவன் வச்சிருக்கிற பேரு 'ப்ரொபஷனல்'. கல்ச்சரை மதிக்கணும்னு ஒரு மத்தியானம் வகுப்பு நடத்துவான். ப்ரொபஷனலா இருக்கணும்னு ரெண்டு வருஷம் நடத்துவான்.

இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. அந்தக் காலத்துல நம்மாளு பாரிஸ்டராகணும்னா லண்டன்ல சாப்பிடணும். சிரிக்காதே, நெசமாத்தான். பரீட்சையோட, பன்னெண்டு டேர்ம் அங்க போய் விருந்துல உக்காந்ததாக் கணக்குக் காட்டணும். டேர்முக்கு இருபத்தி நாலு விருந்துன்னா ஆறுலயாவது தலையைக் காட்டணும். காந்தியும் இன்னர் டெம்பிள்ங்கிற பாரிஸ்டர் சங்கத்துல அப்படித்தான் உக்காந்தாரு. நாலு பேருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ரெண்டு பாட்டில் ஒயின். இவரு தொடமாட்டாரு. அதனால எங்க வரிசைக்கு வாங்க, எங்க வரிசைக்கு வாங்கன்னு ஒரே போட்டி! 1891 ஜூன் 10ல பாரிஸ்டர் ஆனாரு, 12ஆம் தேதி கப்பல் ஏறிட்டாரு. அந்த விருந்துல என்ன சட்டம் படிச்சாருன்னு எனக்குத் தெரியல. கரண்டி, முள்ளு பிடிக்கிறதையும், அவங்களோட ஒரே மேசையில உக்காந்து தன்போக்குல இருக்கிறதையும் படிச்சிருப்பாரு. நீயும் குடிக்காதவன். சாயங்காலம் பாருக்குக் கூப்பிட்டா போ. எலுமிச்சைச் சாறைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லு. யாரு எந்த வேலையை யாருக்குக் குடுக்கப் போறான்ங்கிறது ஆபீஸ்ல பேசுறதில்ல, அங்கதான் பேசுறான். எங்க கோர்ட்டு வாசல் டீக்கடையிலயும் அதுதான் நடந்துது.

ரெண்டு வருஷப் பயிற்சியில ஆறு மாசத்துக்கு ஒரு 'சீட்'னு நாலு சீட் மாறணுமாமே. அந்த முறை எனக்குப் புடிச்சிருக்கு. மேலாளு அறையிலயே ஒரு ஓரத்துல மேசை போட்டு, அவன் போன்ல பேசுறதை, பேரம் பண்றதை, மழுப்புறதை எல்லாம் கேக்க விடுறான் பாரு, அது சுத்தமான நம்ம ஊரு ஜூனியர் வளக்கிற முறை. நம்ம ஊருல ஒண்ணு மட்டும் குறையும், சம்பளம். கவுனைப் போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா பஸ்ஸுக்குக் காசில்லாம நின்ன பிள்ளைகளை நான் பாத்திருக்கேன். 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே தலையிட்டு, சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் இருபதாயிரமும் மத்த ஊருல பதினஞ்சாயிரமும் ஜூனியருக்குக் குடுக்கணும்னு சொல்ல வேண்டியதாச்சு. அதே வருஷம் லண்டன் பெரிய ஆபீஸ்கள்ல பயிற்சி முடிச்ச புது சொலிசிட்டருக்கு வருஷச் சம்பளம் ஒண்ணரை லட்சம் பவுண்டு. அதை ரூபாயில பெருக்கி ஒங்க அம்மாகிட்ட சொல்லாதே, இன்னைக்கே பொண்ணு பாக்க ஆரம்பிச்சுருவா.

சும்மா குடுக்கமாட்டான். ஆறு நிமிஷத்தை ஒரு யூனிட்டுன்னு பிரிச்சு, மணிக்குப் பத்து யூனிட்டா எழுதி வைக்கணும். நான் ஒரு தடவை வெத்தலை போட ரெண்டு யூனிட். இந்த மணிக்கணக்கு எங்க கொண்டு போய் விடும்னு கேளு. கிளிஃபோர்ட் சான்ஸ்னு ஒரு ஆபீஸ். 2000ல லண்டன், நியூயார்க், பிராங்பர்ட் மூணு ஊரையும் ஒரே கூரைக்குள்ள கொண்டு வந்துது. லண்டன்ல கூட்டுக் குடும்ப வழக்கம், வயசு ஏற ஏறப் பங்கு ஏறும். நியூயார்க்ல அவனவன் அறுத்தது அவனவனுக்கு. அண்ணன் தம்பி ஒத்துப் போகலாம், ரெண்டு வரப்புக்காரன் ஒத்துப் போவானா? ரெண்டு வருஷத்துல நியூயார்க் பக்கத்து இளவட்டங்கள் மேலிடத்துக்கு மகஜர் எழுதிட்டாங்க, வருஷத்துக்கு 2,420 மணி நேரம் கணக்குக் காட்டணும்னு வச்சா எவனும் வேலையைச் சீக்கிரம் முடிக்கமாட்டான், மணியைத்தான் வளப்பான்னு. சரியாத்தான் எழுதியிருக்காங்க. வாய்தாவுக்கு ஒரு கூலின்னு பேசுன வக்கீலு கேஸை என்னைக்கு முடிச்சிருக்கான்?

வேற மாதிரி செஞ்சவனும் உண்டு. பேக்கர் மெக்கன்சின்னு 1949ல சிகாகோவுல ஆரம்பிச்ச ஆபீஸ், 1955லயே வெனிசுலாவுல காரகாஸ்ல கிளை போட்டுது. போற ஊருல அந்த ஊரு வக்கீலையே ஆளாக்கிப் பங்காளியாவும் ஆக்குறது அவங்க வழக்கம். பாரிஸ் கிளையில சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பொம்பளை 1999ல மொத்த ஆபீஸுக்கும் தலைவியானா. கிறிஸ்டின் லகார்டேன்னு பேரு. பிற்பாடு ஐரோப்பிய மத்திய வங்கிக்கே தலைவியாப் போனவ. வெளியூர்க் கிளையிலிருந்து வந்தவ தலைமாட்டுல போய் உக்கார முடியுமான்னு பாத்துத்தான் உலக ஆபீஸை எடை போடணும். அட்டையில எத்தனை நிறம்னு எண்ணி எடை போடக் கூடாது.

பேரு விஷயம் ஒண்ணு. விண்ணப்பத்துல கடைசிப் பேரு கேட்டான்னு ஒங்க அப்பன் பேரை எழுதிட்டே. இனி தபால், சம்பளச் சீட்டு, வாசல் அட்டை எல்லாத்துலயும் 'மிஸ்டர்' போட்டு ஒங்க அப்பனைத்தான் கூப்பிடுவான். அவன் இங்க பருத்திக்கு மருந்தடிச்சுக்கிட்டிருப்பான், அங்க அவன் பேருல மெமோ வரும். போன முதல் நாளே, என்னை இப்படிக் கூப்பிடுன்னு ஒன் பேரை முழுசாச் சொல்லிப் பழக்கு. நாக்கு சுளுக்குதுன்னா சுளுக்கட்டும். அவன் பேரையெல்லாம் நாம கத்துக்கிடலையா? அதே மாதிரி, அறுபது வயசுப் பார்ட்னரை 'ஜான்'னு கூப்பிடச் சொல்லுவான். எங்க ஐயா பேரை நான் நாப்பத்தோரு வருஷத்துல வாய் விட்டுச் சொன்னதில்ல, வக்காலத்துல எழுதுனதோட சரி. ஒனக்கு ஒரு வாரம் கூசும். கூப்பிட்டுரு. ஜான்னு கூப்பிட்டதால அவன் ஒனக்குச் சமம்னு மட்டும் நினைச்சுராதே. அவன் வாங்குற பங்குலதான் மரியாதை இருக்கு, பேருல இல்ல.

இவ்வளவு பெரிய உலக ஆபீஸு நம்ம ஊருக்குள்ள வர என்ன பாடு பட்டுதுன்னு தெரியுமா? வெளிநாட்டு ஆபீஸ்கள் இங்க தொழில் பண்ணப்படாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுல வழக்கு. 2012 பிப்ரவரியில தீர்ப்பு வந்துது: பறந்து வந்து ஒன் நாட்டுச் சட்டத்துக்கு யோசனை சொல்லிட்டுப் பறந்து போயிரு. 2018ல சுப்ரீம் கோர்ட்டு, அதுவும் எப்பவாச்சும் வந்து போற மாதிரிதான் இருக்கணும்னு இறுக்குச்சு. நம்ம கம்மாய்க்குக் கொக்கு வரும் பாரு, அதே ஏற்பாடு. மீனைப் புடிச்சுக்கோ, கூடு கட்டாதே. 2023ல பார் கவுன்சில் கொஞ்சம் கதவைத் திறந்து, பதிவு பண்ணிக்கிட்டு வெளிநாட்டுச் சட்டம் பாக்கலாம்னு விதி போட்டுது. கோர்ட்டுப் படி மட்டும் ஏறப்படாது. சீனாவுல இன்னும் கெட்டி. அந்த ஊரு வக்கீலு வெளிநாட்டு ஆபீஸ்ல சேர்ந்தான்னா சொந்த லைசென்சைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் உள்ள போகணும்.

இதுலதான்டா ஒன் கதை வருது. அங்க நீ 360 கேள்விக்குப் புள்ளி வச்சு ஒரு பரீட்சை, எழுதியும் பேசியும் காட்டி இன்னொண்ணு, ரெண்டு வருஷ வேலைன்னு முடிச்சு சொலிசிட்டர் ஆயிருவே. 2021ல வந்த முறையாமே அது. எந்த நாட்டுப் பட்டதாரியும் எழுதலாம்ங்கிறது நல்ல சங்கதி. ஆனா அந்தப் பட்டத்தோட நீ கோவில்பட்டி முன்சீப் கோர்ட்டுக்கு வந்தா, வராண்டாவுல என் பக்கத்துல நிக்கலாம். உள்ள போய் ஒரு வாய்தா கேக்க முடியாது. மூணு கண்டத்துப் பத்திரம் எழுதுனவன், தாத்தாவோட வரப்புக் கேஸுக்கு வாயைத் திறக்க முடியாம நிப்பே. ரெண்டு கோடிப் பவுண்டு பேரம் முடிச்ச பயலை எங்க டவாலி "சத்தம் போடாதீங்க தம்பி"ன்னு வெளிய தள்ளுவான். அதைப் பாக்க எனக்கு ஆசைதான், இருந்தாலும் ஒன் பாட்டி தாங்கமாட்டா.

அதனால பிளேன் ஏறுறதுக்கு முந்தி ஒரு காரியம் பண்ணு. சென்னைக்குப் போய்ப் பார் கவுன்சில்ல பதிவு பண்ணிக்கோ. அகில இந்தியப் பரீட்சையும் பாக்கி வைக்காம எழுதிரு. முழுநேரச் சம்பள வேலைக்குப் போறதால தொழிலை நிறுத்தி வைக்கிறேன்னு முறையா ஒரு மனுவும் குடுத்துரு, பின்னால யாரும் கேள்வி கேக்கப்படாது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. இந்தா, மடியில எண்ணி வச்சிருக்கேன், சரியாப் பாத்துக்கோ. ரசீதை மறக்காம வாங்கு.